ஃபேன் ஓடியதும் ஸ்லோ விழுந்த எஸ்டீம்

பாம்பன் ரோடு பாலத்து உச்சியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டி அணைந்தால் என்ன கதி என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலத்தில் வண்டியை நிறுத்தாதே என்று போர்டு இருக்கும். போர்டுக்கு அடியிலேயே நாலு டூரிஸ்ட் வேன் நிற்கும், ஆட்கள் கம்பியில் சாய்ந்து ரயில் பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை, ஒதுங்க இடம் கிடையாது. அந்த வரிசையில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துபோன ஒரு வெள்ளை எஸ்டீம் மூன்று தடவை அணைந்திருக்கிறது. மூன்றாவது தடவை பின்னால் நின்ற பஸ் டிரைவர் இறங்கி நடந்தே வந்துவிட்டாராம்.

மறுநாள் காலையில் அந்த வண்டி உச்சிப்புளியில் என் பட்டறை வாசலுக்கு வந்தது. வண்டிக்காரத் தம்பி கீழக்கரை, வயது இருபத்தைந்துக்குள். அணைத்தால் திரும்ப எடுக்குமோ என்ற பயத்தில் எஞ்சினை ஓடவிட்டபடியே பேசினார். ஒரு கால் ஆக்சிலரேட்டரை விட்டு வரவில்லை.

“ஓட்டம் நல்லா இருக்குண்ணே. நின்னாத்தான் நிக்க மாட்டேங்குது.”

“காலை எடுங்க தம்பி, பார்ப்போம்.”

எடுத்தார். எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்பிஎம் முள் 1000-க்கும் 1300-க்கும் நடுவே ஊஞ்சல் ஆடியது. ஒரு நிமிஷம் அப்படியே போனது. பிறகு ரேடியேட்டர் ஃபேன் உர்ரென்று கிளம்ப, முள் சடாரென்று 500-க்கு விழுந்தது. இரண்டு தடவை துள்ளி, எஞ்சின் அணைந்தது.

“இதேதாண்ணே.”

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் தானாக மெதுவாக ஓடி நிற்பதைத்தான் ஸ்லோ என்கிறோம். ஸ்லோ நிற்கவில்லை என்று வரும் வண்டிகள் பெரும்பாலும் த்ராட்டில் பாடியை, அதாவது காற்றைத் திறந்து மூடும் தகடு இருக்கும் பகுதியை, கழுவினாலே சரியாகிவிடும். இது அந்த ரகம் இல்லை. விட்டுவிட்டு மூன்று வாரம் பார்த்தேன். ஒரே நோயாகத் தெரிந்ததற்குள் மூன்று நோய் இருந்தது. அதில் முதல் இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

வண்டியில் மாறியிருந்தவை

2004 மாடல் மாருதி எஸ்டீம். 1298 சிசி, 16 வால்வு ஜி13 எஞ்சின். வால்வுகளைத் திறக்கும் கேமைக் கோயம்புத்தூரில் கொடுத்து அரைத்து வாங்கியிருந்தார்கள். எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கடைந்து மூன்று கிலோ குறைத்திருப்பதாகச் சொன்னார். 4-2-1 எக்ஸாஸ்ட், திறந்த கோன் ஃபில்டர், நிமிஷத்துக்கு 440 சிசி பெட்ரோல் ஊற்றும் இன்ஜெக்டர்கள். எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான கம்பெனி ஈசியு போய், அந்த இடத்தில் ஸ்பீடுயினோ இருந்தது. ஆர்டுயினோ மெகா 2560 போர்டில் ஓடுகிற திறந்த மூல ஈசியு அது. லேப்டாப்பில் ட்யூனர்ஸ்டுடியோவைத் திறந்தால் உள்ளே இருக்கும் எல்லா எண்ணையும் தொடலாம். தொடலாம் என்பதால்தான் பல வண்டிகள் கெட்டும் போகின்றன. ஸ்லோவில் எஞ்சினுக்குக் காற்று விடும் ஐடில் வால்வு, போஷ் இரண்டு வயர் ரகம்.

“1300 சிசிக்கு 440 இன்ஜெக்டர் எதுக்கு தம்பி?”

“பின்னாடி டர்போ போடலாம்னு. துபாய்ல இருந்து எங்க காக்கா வரும்போது கொண்டாறேன்னு சொல்லியிருக்காக.”

காக்கா என்றால் அவர்கள் பக்கத்தில் அண்ணன். மாற்றி அமைத்த வண்டி எதைத் திறந்தாலும் வராத டர்போவுக்காக வாங்கிப் போட்ட ஏதாவது ஒரு சாமான் உள்ளே இருக்கும்.

இந்த மாற்றம் ஒவ்வொன்றுமே ஸ்லோவுக்கு எதிரி. கேமை அரைத்து வால்வு திறக்கும் நேரத்தைக் கூட்டினால், இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் சேர்ந்து திறந்திருக்கும் பொழுதும் கூடும். ஓட்டத்தில் அது லாபம். ஸ்லோவில் எரிந்த புகையே, சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டுக்குத் திரும்பி வந்து புதுக்காற்றோடு கலக்கும், வேக்குவம் குறையும். கம்பெனி கேமில் மேனிஃபோல்டு அழுத்தம் 32, 35 கிலோ பாஸ்கலில் அமைதியாக நிற்கும். இந்த வண்டியில் 46-இல் நடுங்கிக்கொண்டு நின்றது. ஃப்ளைவீலில் எடை போனதால் ஆர்பிஎம் வேகமாக ஏறும், அதே வேகத்தில் விழவும் செய்யும்.

என் அப்பா மண்டபம் ஊரில் வல்லத்து எஞ்சின், அதாவது மீன்பிடிப் படகு எஞ்சின், பார்த்தவர். அந்தப் பழைய டீசல் எஞ்சின்களை ஸ்லோவில் விட்டால் ஒவ்வொரு அடியையும் விரல் விட்டு எண்ணலாம். பெரிய இரும்பு வீல் அடுத்த அடி வரை எஞ்சினைத் தூக்கிப் பிடித்திருக்கும். இந்த எஸ்டீமில் அந்தத் தாங்கல் இல்லை. ஒரு அடி தப்பினால் ஆர்பிஎம் அப்போதே இறங்கும்.

இன்ஜெக்டர் விஷயத்தைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஸ்லோவில் இந்த எஞ்சினுக்கு ஒரு சிலிண்டருக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 6 மில்லி கிராம் பெட்ரோல் போதும். 440 சிசி இன்ஜெக்டர் அதை 1.1 மில்லி செகண்டில் ஊற்றி முடித்துவிடும். ஆனால் கரண்ட் கொடுத்தவுடன் எந்த இன்ஜெக்டரும் திறந்துவிடாது. உள்ளே ஊசி எழும்ப ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் பிடிக்கும், அந்த நேரத்துக்குப் பெட்ரோல் வராது. ஆக ஈசியு கொடுக்கும் 2.1 மில்லி செகண்டில் பாதி வீண் நேரம். சின்ன இன்ஜெக்டராக இருந்தால் அந்த வீண் நேரத்தில் கொஞ்சம் பிசகினாலும் தெரியாது. இதில் தெரியும்.

முந்தைய கை

வண்டியை முதலில் ட்யூன் செய்தவர் வெளியூர்க்காரர். அவருடைய வேலையின் தடம் ஈசியுவின் ஃபைலில் அப்படியே இருந்தது. ஆர்பிஎம் விழுகிறது, எனவே பெட்ரோல் பற்றவில்லை என்று முடிவு செய்து பெட்ரோல் அளவு போட்டிருக்கும் ஃபியூயல் டேபிளின் ஸ்லோ கட்டங்களில், 12 பங்கு காற்றுக்கு 1 பங்கு என்ற அளவு வரை பெட்ரோலைக் கூட்டியிருந்தார். இந்த எண் இறங்க இறங்கப் பெட்ரோல் கூடுதல், ஏற ஏறக் குறைவு. அதற்கும் நிற்கவில்லை என்றதும் ஸ்லோ ஸ்க்ரூவை முறுக்கி 1150-க்குத் தூக்கியிருந்தார். பிறகு ஆர்பிஎம்மைப் பார்த்து ஐடில் வால்வைத் தானாகத் திருத்தும் பிஐடியில் எண்களை ஏற்றி ஏற்றி, வால்வு ஒரு கணம் முழுசாகத் திறந்து மறுகணம் முழுசாக மூடுகிற நிலைக்குக் கொண்டுவந்திருந்தார். அந்த ஊஞ்சலுக்குக் காரணம் இதுதான்.

அவரைக் குறை சொல்வதில் பிரயோஜனம் இல்லை. நானும் என் முதல் இரண்டு மூன்று வண்டிகளில் இதே வரிசையில் இதே தப்பைத்தான் செய்தேன். ஆர்பிஎம் விழுந்தால் கை தானாக வால்வுப் பக்கம் போகும். வால்வைத் தொடுவது கடைசி வேலை. அதற்கு முன் காற்று எங்கெங்கே வருகிறது, பெட்ரோல் சரியாகப் போகிறதா, சென்சார்கள் உண்மை பேசுகின்றனவா என்ற மூன்றும் தெரிந்தாக வேண்டும்.

முதல் நாள் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. த்ராட்டில் பாடியைக் கழற்றினால், தகட்டைச் சுற்றிக் கறுப்புப் பிசின். விரலால் தேய்த்தால் நறநறவென்றது. தனுஷ்கோடி மணல். முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் காற்றடிக்கும் நாளில் ரோட்டின் மேல் மணல் பாம்பு மாதிரி ஊர்ந்து போகும். அந்த ரோட்டில் திறந்த கோன் ஃபில்டரை, அதுவும் எண்ணெய் தடவாமல், போட்டு ஓட்டினால் வேறென்ன வரும்? கழுவினேன். பெயிண்ட் டப்பாவில் செய்த என் புகை மெஷினை வைத்து மேனிஃபோல்டுக்குள் புகை விட்டதில் இரண்டு இடத்தில் கசிந்தது. ஒன்று பிரேக் பூஸ்டர் ஹோஸ் கிளாம்பு, இன்னொன்று ஐடில் வால்வுக்குப் போகும் ரப்பர் பைப்பில் வெடிப்பு. இரண்டையும் மாற்றினேன். ஃபேன் போட்டதும் வண்டி அப்படியேதான் அணைந்தது.

அரை நொடியில் ஆறிய தண்ணீர்

இரண்டாம் நாள் பிஐடியை முழுசாக அணைத்தேன். வால்வை ஒரே இடத்தில் நிறுத்தி, ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கு இறக்கி, காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரை எக்ஸாஸ்ட்டில் மாட்டி, எல்லா எண்ணையும் பதிவு செய்யும் லாக்கை ஓடவிட்டுவிட்டு டீ குடித்தேன். இந்த வண்டியில் ஃபேன் ஈசியு சொல்லி ஓடுவதில்லை. ரேடியேட்டரில் இருக்கும் பழைய சுவிட்ச்தான் ஓட்டுகிறது. அது நல்லதாகப் போயிற்று, ஈசியு ஓட்டியிருந்தால் நோய் வேறு மாதிரி வேஷம் போட்டிருக்கும்.

ஃபேன் ஓடியது. எஞ்சின் அணைந்தது. லாக்கைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

நான் எதிர்பார்த்தது கலவை மெலிவது. லாக்கில் இருந்தது தலைகீழ். 12-இல் இருந்த காற்று-பெட்ரோல் விகிதம் 10.4-க்கு இறங்கியிருந்தது. அதாவது பெட்ரோல் மிதமிஞ்சிப் போய் எஞ்சின் மூச்சு முட்டிச் செத்திருக்கிறது. யார் ஊற்றினார்கள்? த்ராட்டில் கோட்டைப் பார்த்தேன். பூஜ்யத்தில் கிடந்த கோடு ஃபேன் ஓடிய அதே கணத்தில் 6 சதவீதத்துக்கு எகிறி நின்றது. வண்டிக்குள் ஆளே இல்லை. தம்பி என் பக்கத்தில் பென்ச்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்.

அப்புறம் தண்ணீர் சூட்டின் கோடு. 94 டிகிரியில் இருந்தது, அதே கணத்தில் 75. எஞ்சினில் இருக்கும் தண்ணீர் அரை நொடியில் 19 டிகிரி ஆறாது. வடக்கே ஐஸ் கட்டியில் போட்டாலும் ஆறாது. ஆகவே சென்சார்கள் பொய் சொல்கின்றன, அதுவும் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான், எர்த்.

மல்டிமீட்டரை எடுத்து ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மறு முனையை பாடியிலும் வைத்தேன். ஃபேன் நிற்கும்போது 0.01 வோல்ட். ஃபேன் ஓடும்போது 0.28.

பேட்டரி மைனஸிலிருந்து தடித்த கேபிள் பிளாக்குக்கு வருகிறது. பாடிக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒரு பின்னல் பட்டை. ஃபேனின் எர்த் பாடியில். அதன் கரண்ட் முழுவதும் அந்தப் பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும். பட்டையைத் தேடிக் கீழே கையை விட்டால், தொட்ட இடம் பொடியாக உதிர்ந்தது. செம்பு முழுக்கப் பச்சை பூத்து, போல்ட்டுக்கு அடியில் வெள்ளை மாவு மாதிரி படிந்திருந்தது. இருபது முப்பது இழைகளில் நாலைந்துதான் உயிரோடு இருந்தன. எங்கள் கடற்கரையில் இது அதிசயமில்லை. 1914-இல் கட்டிய பாம்பன் ரயில் பாலத்தையே உப்புக் காற்று அரித்து, 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓட்டத்தை நிறுத்தினார்கள். ஒரு செம்புப் பட்டை எந்த மூலைக்கு?

பட்டை கெட்டது பாதிக் கதை. ஈசியுவின் எர்த் பிளாக்கில் இருந்தது, அது சரி. ஆனால் வயரிங் செய்தவர் த்ராட்டில், தண்ணீர், காற்றுச் சூடு ஆகிய மூன்று சென்சார்களின் எர்த்தையும் ஈசியுவுக்குக் கொண்டுபோகாமல், பக்கத்தில் இருக்கிறதே என்று எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகடான ஃபயர்வாலில் பாடியோடு போல்ட் போட்டுவிட்டார். ஃபேன் ஓடும்போது பாடி 0.28 வோல்ட் மேலே ஏறுகிறது. சென்சார்களின் தரை ஏறுகிறது, ஈசியுவின் தரை ஏறவில்லை. எனவே த்ராட்டில் சென்சார் கூடுதல் வோல்ட் காட்டுகிறது, ஈசியு அதை ஆக்சிலரேட்டர் மிதி என்று படிக்கிறது. தண்ணீர் சென்சாரில் வோல்ட் கூடினால் சூடு குறைவு என்று அர்த்தம்.

இதற்கு ஈசியு செய்தது எல்லாமே அதன் கணக்குப்படி நியாயமானது. மிதி வந்துவிட்டது என்று பிக்கப்புக்காகக் கூடுதல் பெட்ரோல் ஊற்றியது. மிதி 2 சதவீதம் தாண்டியதால் இது ஸ்லோ இல்லை என்று முடிவுகட்டி, ஸ்லோவுக்கென்று வைத்த டைமிங்கை, அதாவது ஸ்பார்க் அடிக்கும் நேரத்தை, எடுத்துவிட்டது. எஞ்சின் ஆறியிருக்கிறது என்று அதற்கும் ஒரு பங்கு ஊற்றியது. முந்தையவர் ஏற்கெனவே 12 வரை ஊற்றி வைத்திருந்த பெட்ரோலின் மேல் இத்தனையும்.

16 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள் இரண்டு வெட்டினேன். ஒன்று பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு, ஒன்று பாடியிலிருந்து பிளாக்குக்கு. பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து, இறுக்கியபின் மேலே வாஸ்லின். முதலிலேயே வாஸ்லினைப் பூசிவிட்டு இறுக்குவோர் உண்டு, அது வேண்டாம். மூன்று சென்சார் எர்த்தையும் பாடியிலிருந்து வெட்டி ஈசியுவின் சென்சார் எர்த் பின்னுக்கே இழுத்தேன். ஃபேன் ஓடும்போது இப்போது 0.02 வோல்ட். த்ராட்டில் கோடு அசையவில்லை. ஸ்லோ கட்டங்களில் பெட்ரோலைக் குறைத்து 13.5-க்குக் கொண்டுவந்தேன்.

தம்பிக்கு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பு. ராத்திரி ஓட்டிப் பாருங்கள் என்று அனுப்பினேன். ஒன்பது மணிக்குப் போன்.

“ஏர்வாடி திருப்பத்துல நின்னுட்டேண்ணே. லைட்டு, ஏசி எல்லாம் போட்டா விழுது. ஆஃப் ஆகல, ஆனா ஆகப் போற மாதிரி நடுங்குது.”

இப்போது பெட்ரோல் பற்றாமல்

பகலில் வராமல் ராத்திரி வருகிறதென்றால் கரண்ட்தான். பட்டறையிலேயே ஹெட்லைட், புளோயர், ஏசி, ஃபேன் எல்லாவற்றையும் போட்டேன். 13.7-இல் இருந்த வோல்டேஜ் 12.5-க்கு இறங்கியது. ஸ்லோவில் ஆல்டர்னேட்டர் அவ்வளவுதான் கொடுக்கும். கலவை 13.5-லிருந்து 15.8-க்கு மெலிந்தது. முதல் நோயில் பெட்ரோல் கூடி விழுந்த அதே முள், இந்தத் தடவை பெட்ரோல் குறைந்து விழுகிறது. டேஷ்போர்டில் இரண்டும் ஒரே மாதிரி. வைட்பேண்ட் இல்லாமல் ஸ்லோவைத் தொடாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

மேலே சொன்ன வீண் நேரம் இங்கே வருகிறது. வோல்டேஜ் இறங்கினால் இன்ஜெக்டர் ஊசி எழும்பத் தாமதமாகும். ஈசியு அந்தத் தாமதத்தைத் தெரிந்து அவ்வளவு நேரத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். இந்த ஃபைலில் வோல்டேஜ் திருத்த வளைவு தட்டையாகக் கிடந்தது, எல்லா வோல்டேஜுக்கும் 1.0 மில்லி செகண்ட். 1.2 வோல்ட் இறங்கியதில் ஊசி 0.16 மில்லி செகண்ட் லேட். பெட்ரோல் போகும் நேரமே 1.1 தான், அதில் 0.16 போனால் ஏறக்குறைய 15 சதவீதம் பெட்ரோல் காணோம். கம்பெனி இன்ஜெக்டராக இருந்தால் பெட்ரோல் போகும் நேரம் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும், இழப்பும் பாதிக்குள் அடங்கிவிடும்.

இன்ஜெக்டரில் பெயர் இல்லை, அளவுத்தாளும் இல்லை. எனவே வண்டியை வைத்தே அளந்தேன். எஞ்சினை அணைத்துவிட்டு ஆல்டர்னேட்டரின் சாக்கெட்டைக் கழற்றினேன். பிறகு ஸ்டார்ட் செய்து, வால்வை ஒரே இடத்தில் வைத்து, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டால் பேட்டரி மெல்ல மெல்ல இறங்கும். இறங்க இறங்க, கலவை 13.5-இல் நிற்கும்படி வளைவைத் திருத்திக்கொண்டே வரவேண்டும். 13.5 வோல்டுக்கு 1.00, 12.5-க்கு 1.14, 11.5-க்கு 1.31 என்று வந்தது. அதற்கும் கீழே கண் மதிப்பில் நீட்டிவிட்டேன். ஒரு மணி நேர வேலை. அதோடு ஒரு எச்சரிக்கை: ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணுகிறதா என்று பார்க்க, ஓடுகிற வண்டியில் பேட்டரி டெர்மினலைப் பிடுங்குவார்களே, அதை இந்த மாதிரி வண்டியில் செய்யவே செய்யாதீர்கள். எகிறும் வோல்டேஜ் ஈசியுவை ஒரே அடியில் முடித்துவிடும்.

மறுபடி எல்லா லோடையும் போட்டபோது வோல்டேஜ் அதே 12.5-க்கு இறங்கியது, கலவை 13.7. முள் நூறு இறங்கித் திரும்பியது.

கிளட்ச் மிதித்தால் விழுவது

மூன்றாவது நோய் ஓட்டத்தில் இருந்தது. மூவாயிரத்தில் வந்து சிக்னலுக்குக் கிளட்சை மிதித்தால் முள் 950-இல் நிற்காமல் 520 வரை பாய்ந்து, பதறி எழும்பி, 1200 தொட்டு, பிறகு அமரும். இதில் மூன்று காரணம் பின்னிக் கிடந்தது.

ஒன்று, காலை எடுத்ததும் பெட்ரோலை நிறுத்தும் வசதி. அதைத் திரும்பத் திறக்கும் ஆர்பிஎம் 1200-இல் இருந்தது. கனமான ஃப்ளைவீலுக்கு அது போதும். இந்த வண்டியில் 1200-லிருந்து 900-க்கு விழ எடுக்கும் நேரத்தில் பெட்ரோல் மறுபடி மேனிஃபோல்டின் சுவரை நனைத்து எரியத் தொடங்குவதற்குள் எஞ்சின் கீழே போய்விடும். 1800-க்கு ஏற்றினேன். பெட்ரோல் மிச்சம் கொஞ்சம் போகும், போகட்டும்.

இரண்டாவது, ஃபியூயல் டேபிளில் ஸ்லோவுக்குப் பக்கத்துக் கட்டங்கள். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஸ்லோவில் த்ராட்டில் இடுக்கு வழியாக வரும் காற்றின் அளவு ஏறக்குறைய மாறாதது. மேனிஃபோல்டு அழுத்தம் வெளிக்காற்றில் பாதி அளவுக்குக் கீழே இருக்கும்வரை இடுக்கில் காற்று ஒலியின் வேகத்தில் பாய்கிறது, அதற்கு மேல் வேகம் கூடாது. எஞ்சின் மெதுவானால் உறிஞ்சும் தடவை குறையும், வரும் காற்று அதேதான். ஆகவே ஒவ்வொரு தடவைக்கும் கிடைக்கும் காற்று கூடும், மேனிஃபோல்டு அழுத்தம் ஏறும், ஒவ்வொரு அடியும் பலமாக விழும். எஞ்சினுக்கு ஸ்லோவில் தானாக எழும்பி நிற்கும் குணம் இயற்கையிலேயே உண்டு. நாம் கெடுக்காமல் இருந்தால் போதும்.

இந்த வண்டியில் 900 ஆர்பிஎம், 46 கிலோ பாஸ்கல் கட்டத்தை இழைத்து இழைத்து ட்யூன் செய்திருந்தார்கள். முள் 650-க்கு இறங்கும்போது அழுத்தம் 58-க்கு ஏறுகிறது. அந்த 650, 58 கட்டத்தில் யாரும் கையே வைக்கவில்லை, ஃபைலில் முதலில் வந்த எண் அப்படியே கிடந்தது. எஞ்சின் எழும்பத் தேவையான காற்றோடு வரும் இடத்தில் பெட்ரோல் இல்லை. ஸ்லோ ஸ்க்ரூவையும் ஹேண்ட் பிரேக்கையும் வைத்துக்கொண்டு, கிளட்சை அரைகுறையாக விட்டு வேண்டுமென்றே எஞ்சினை அமுக்கி, அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பினேன். பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டி 13-இல் வைத்தேன். இடது கால் மரத்துவிட்டது.

மூன்றாவது டைமிங். ஸ்லோவைப் பிடிக்க இரண்டு கை இருக்கிறது, காற்று, நெருப்பு. வால்வைத் திறந்தால் காற்று மேனிஃபோல்டை நிரப்பி, சிலிண்டருக்குப் போய், எரிந்து பலன் தர நேரமாகும். 900 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டரின் நாலு ஸ்ட்ரோக்கும் முடியவே 133 மில்லி செகண்ட். ஆனால் அதே 900-இல் செகண்டுக்கு 30 ஸ்பார்க் அடிக்கிறது. டைமிங்கை மாற்றினால் அடுத்த 33 மில்லி செகண்டில் பலன் தெரியும். விழும் எஞ்சினைப் பிடிப்பது நெருப்பின் வேலை, பிடித்த பிறகு நிரந்தரமாகத் தாங்குவது காற்றின் வேலை.

முந்தைய ஃபைலில் ஸ்லோ டைமிங் எல்லா ஆர்பிஎம்மிலும் 16 டிகிரி. நான் சரிவாக்கினேன். 1200-இல் 10, 950-இல் 15, 750-இல் 20, 600-இல் 23. ஆர்பிஎம் இறங்க இறங்க டைமிங் முன்னால் போய் அடி பலமாகும், ஏற ஏறப் பின்னால் வந்து அடி தளரும். 950-இல் 15 என்பது இந்த எஞ்சினின் முழு பலம் இல்லை, தெரிந்தேதான் குறைத்தேன். அதற்கு ஈடாகக் காற்றைக் கொஞ்சம் கூடுதலாக விட்டேன். மடியில் ஐந்நூறு ரூபாய் முடிந்து வைத்துக்கொண்டு சந்தைக்குப் போவது மாதிரி, திடீரென்று லோடு வந்தால் எடுத்துக் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகுதான் வால்வுக்கு வந்தேன். சூடான எஞ்சினில் 30 சதவீதம். ஏசிக்கு 42. கம்ப்ரஸர் ரிலேயை ஈசியு வழியாகத் திருப்பினேன். சுவிட்சைப் போட்டால் முதலில் வால்வு திறக்கும், அரை செகண்ட் கழித்துத்தான் கம்ப்ரஸர் ஒட்டும். கடைசியாக பிஐடியைப் போட்டேன், வால்வை எட்டு சதவீதத்துக்கு மேல் அசைக்கக் கூடாது என்று கட்டிவைத்து. அதற்கு இப்போது பெரிய வேலையே இல்லை.

அரிச்சல்முனை வரை

சோதனைக்கு வேறெங்கே போவது? உச்சிப்புளியிலிருந்து மண்டபம், பாலம், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், பிறகு தனுஷ்கோடி ரோடு. அரிச்சல்முனை வளைவில் அசோகத் தூணைச் சுற்றி வண்டிகள் ஊரும். ஏசி ஓட, ஃபேன் ஓட, ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்து, பவர் ஸ்டீரிங் பம்ப்பும் சேர்ந்து இழுக்க, கிளட்ச் மிதித்த நிலையில் முள்ளைப் பார்த்தேன். 950-லிருந்து 830. எழுந்துவிட்டது. ஃபேன் மட்டும் என்றால் 40 இறக்கம், ஏசிக்கு 60.

அங்கே வேறொன்று அகப்பட்டது. வெயிலில் இருபது நிமிஷம் நிறுத்தி, மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பி ஸ்டார்ட் செய்தபோது கொஞ்ச நேரம் தடுமாறியது. காற்றுச் சூட்டுச் சென்சார் மேனிஃபோல்டிலேயே மாட்டியிருந்தது. எஞ்சின் சூட்டில் அது 71 டிகிரி என்றது, உள்ளே போகும் காற்று அவ்வளவு சூடில்லை. சூடான காற்று லேசானது என்று ஈசியு பெட்ரோலைக் குறைத்திருக்கிறது. சென்சாரை முன்னால் ரப்பர் பைப்புக்கு மாற்றினேன், முடிந்தது. கோன் ஃபில்டரை எடுத்துவிட்டுப் பழைய பெட்டி ஃபில்டரைப் போடச் சொன்னதற்குத்தான் தம்பி முகம் சுருங்கியது.

புகை சர்டிபிகேட்டுக்கு இரண்டு தடவை போய் ஃபெயில் ஆன வண்டி இது. அந்தச் சோதனையே ஸ்லோவில்தான் நடக்கிறது, 12-இல் ஓடினால் எப்படித் தேறும்? இந்தத் தடவை தேறியது. ஆனால் அது புகைக்கு மட்டும்தான் என்றும் சொல்லி அனுப்பினேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்சி புத்தகத்தில் இருக்கும் விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. டர்போ, எஞ்சின் மாற்றம் என்று அடுத்த கனவைத் தொடங்குமுன் ஆர்டிஓ ஆபீசில் விசாரிக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு பாலத்து நெரிசலிலிருந்து ஒரு வீடியோ வந்தது. வெளியே ஹாரன் சத்தம், உள்ளே ஏசி, முள் 950-இல். வீடியோவுக்குக் கீழே குரல் செய்தி:

“அண்ணே, டிசம்பர்ல ஃப்ரெண்ட்ஸோட கொடைக்கானல் போலாம்னு இருக்கோம். இதுலயே போலாம்ல?”

யோசித்தேன். எங்கள் கடற்கரையில் விடியற்காலையில் கூட இருபது டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். குளிர் ஸ்டார்ட் டேபிளின் கீழ்ப்பாதியில் நான் போட்டிருக்கும் எண்கள் எல்லாம் உத்தேசம்தான், ஒன்றையும் எஞ்சினில் பார்த்ததில்லை. வெளிக்காற்றின் அழுத்தத்தை வேறு இந்த ஈசியு சாவி போடும்போது ஒரு தடவைதான் படிக்கும். மதுரையில் படித்த எண்ணை வைத்துக்கொண்டு இரண்டாயிரம் மீட்டர் ஏறினால் கலவை மாறும்.

“போங்க தம்பி. பெருமாள்மலையில டீக்கு நிறுத்தி, வண்டிய அணைச்சு, சாவிய எடுத்துட்டு மறுபடி போடுங்க. காலைல முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடியே லேப்டாப்பை மாட்டி லாக்கை ஓட விடுங்க. அணைஞ்சா அணையட்டும், அந்த லாக் எனக்கு வேணும்.”